மாசம் 15,000 ரூபா குடுத்து வேவு பார்க்க வேணுமா?

"அம்மா, என்ர போனில என்ன செய்தனீங்கள்?"

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி போன வருசம் வீட்டில் கேட்ட கேள்வி இது. காலமை 100 வீதம் சார்ஜோடு கொண்டுபோகிற போன், இரண்டாவது ரியூசன் முடிய முதலே செத்துப்போகும். ஒரு மாசத்துக்குப் போட்ட டேட்டா இரண்டு கிழமையில் முடிந்துபோகும். பற்றரி பழுதெண்டு நினைத்து ரவுணில் ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனாள். கடையில் நின்ற பெடியன் கொஞ்ச நேரம் செற்றிங்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, பற்றரி நல்லாத்தான் இருக்கு. ஆனா 'சிஸ்டம் சேர்விஸ்' எண்ட பேரில ஒண்டு பின்னால ஓடிக்கொண்டிருக்கு. இது நீங்கள் போட்டதோ?"

அவள் போடவில்லை. கனடாவில் இருக்கிற மாமா காசு கட்ட, அண்ணா போட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், அந்தப் போனை வைத்திருந்தவள்.

இந்தக் கதையை அவள் எங்களுக்குச் சொன்னபோது, "எனக்கும் அப்பிடித்தான்" என்று இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். ஒருவருக்கு அம்மா. மற்றவர் சொன்னது தன் மச்சாளின் கதை: அவவின் கணவர் கட்டாரில் இருந்துகொண்டு அவவின் வட்ஸ்அப்பை வாசித்திருக்கிறார். அப்போதுதான் யோசித்தோம், இந்தக் கண்காணிப்புச் செயலிகள் சொல்லுற வேலையை உண்மையிலேயே செய்கின்றனவா? குடுக்கிற காசுக்குப் பெறுமதியா? சரி பிழை என்ற கதையை எடுக்கமுதல் அந்த இரண்டையும் பார்த்துவிடுவோம். ஏனென்றால் வீட்டில் "உது பிழை அம்மா" என்று சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். "உது வேலை செய்யாது அம்மா, காசும் வீண்" என்றால் கொஞ்சம் நிண்டு கேட்பார்கள்.

விளம்பரத்தில் ஒண்டு, போனில் வேறொண்டு

"நம்பரை மட்டும் தாருங்கோ, அந்தப் போனில உள்ள எல்லாத்தையும் காட்டுறம்" என்று ரிக்ரொக்கிலும் டெலிகிராமிலும் வருகிற விளம்பரங்களை முதலில் மறந்துவிடுங்கள். நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய போனுக்குள் போகிற செயலி சாதாரண ஆட்களுக்கு விற்பனையில் இல்லை. அரசாங்கங்களுக்கு விற்கப்படுகிற பெகாசஸ் மாதிரியான மென்பொருள் வேறு கதை. அதன் விலைக்கு எங்கட ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டையும் வித்தாலும் காணாது. நம்பர் கேட்டுக் காசு வாங்குகிறவனுக்கு வேண்டியது உங்கட கார்ட் விபரம்.

உண்மையான செயலிகளுக்குப் போன் கையில் வேணும். அன்ட்ரொய்ட் என்றால் லொக்கைத் திறக்கத் தெரியவேணும். ஒளித்து வேவு பார்க்கிற செயலிகளைக் கூகிள் தன் பிளே ஸ்ரோரில் அனுமதிப்பதில்லை. ஆகவே வெளித்தளத்தில் இருந்து இறக்க வேணும், அதற்காக 'தெரியாத இடத்திலிருந்து நிறுவலாம்' என்ற அனுமதியைக் குடுக்க வேணும், பிளே புரொடெக்ட் பாதுகாப்பை நிறுத்த வேணும். பிறகு திரையில் தெரிவதை எல்லாம் வாசிக்கிற அக்செசிபிலிற்றி அனுமதி, நொட்டிபிக்கேஷனை வாசிக்கிற அனுமதி, லொகேஷன், மைக். அதாவது, பிள்ளையின் பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டு, போனில் இருந்த பாதுகாப்பை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழட்டுகிறோம். கள்ளன் வருவான் என்று பயந்து, கதவைக் கழட்டிவிட்டு வாசலில் ஒரு கமரா பூட்டுவது போல.

இவ்வளவும் செய்த பிறகு என்ன கிடைக்கும்? வட்ஸ்அப் செய்திகள் இரண்டு முனைக்கும் இடையில் பூட்டப்பட்டுத்தான் போகின்றன. அந்தப் பூட்டை இந்தச் செயலிகள் உடைப்பதில்லை. நொட்டிபிக்கேஷனில் விழுவதையும் திரையில் தெரிவதையும்தான் களவாக வாசிக்கின்றன. அரைகுறையாகத்தான் வரும். யார் சொன்னது, எதற்குப் பதில் சொன்னது, பகிடிக்குச் சொன்னதா என்பதெல்லாம் அங்கே தெரியாது. இதற்கு மேலே, எங்களில் பலர் வைத்திருக்கிற விலை குறைந்த போன்கள் பற்றரியை மிச்சம் பிடிக்கப் பின்னால் ஓடுகிற செயலிகளைத் தாங்களாகவே நிறுத்திவிடும். ஒரு அப்டேட் வந்தால் போட்டதெல்லாம் குழம்பும். ஐபோனில் இன்னும் கஷ்டம். பெரும்பாலும் ஐகிளவுட் பக்கப்பில் இருந்துதான் எடுக்க வேணும். அதற்கு அந்த ஆளின் அப்பிள் கணக்கும் கடவுச்சொல்லும் வேணும். அதுக்கும் மேலே வருகிற ஆறு இலக்கக் கோட் எங்கே வரும்? அந்தப் பிள்ளையின் போனுக்கே வரும்.

லொகேஷனாவது சரியாகக் காட்டுமா? வெளியில், வானம் தெரிகிற இடத்தில், சரியாகத்தான் காட்டும். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சிக்னல் மெலிந்தால், பக்கத்து வைபையையும் கோபுரத்தையும் வைத்துப் போன் ஒரு மதிப்பீடு போடும். அது சில நூறு மீற்றர் தள்ளியும் இருக்கலாம், அதைவிடக் கூடவும் இருக்கலாம். எங்கட சிநேகிதிக்கு நடந்தது இதுதான். ஒரு பின்னேரம் அவள் ரியூசனில் இரசாயனவியல் நோட்ஸ் கொப்பி பண்ணிக்கொண்டு இருந்தாள். செயலி அவளை பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு லொட்ஜில் காட்டியிருக்கிறது. அண்ணா மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் லொட்ஜுக்குப் போய், அங்கே விசாரித்து, பிறகு ரியூசனுக்கு வந்து வாசலில் நின்றார். "என்ன அண்ணா?" என்று கேட்டதற்கு "சும்மா, இந்தப் பக்கம் வந்தனான்" என்றாராம். ஏன் வந்தவர் என்று அவளுக்கு விளங்கினது ஆறு மாசத்துக்குப் பிறகு.

அந்த லொட்ஜில் அண்ணா என்ன சொல்லி விசாரித்திருப்பார்? யாரிடம் படத்தைக் காட்டியிருப்பார்? சின்ன ரவுண் அது. ஒரு மென்பொருளின் பிழை எங்கட ஊரில் ஒரு பெட்டையின் பெயருக்கு என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை.

மற்றப் பக்கம், உண்மையிலேயே ஒளிக்க நினைக்கிற பிள்ளைக்கு ஒளிக்க ஆயிரம் வழி. போனைச் சிநேகிதியின் பைக்குள் வைத்துவிட்டுப் போகலாம். பழைய போனில் இன்னொரு சிம் போடலாம். தானாக அழிகிற மெசேஜ் இருக்கிறது. ஆகவே இந்தச் செயலி பிடிப்பது ஒன்றும் செய்யாத பிள்ளையைத்தான்.

காசுக் கணக்கு

பேர்போன செயலிகள் ஒரு மாசத்துக்கு மட்டும் எடுத்தால் 50 டொலர் வரை கேட்கின்றன. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 15,000 ரூபா. வருசத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மாசக் கணக்குக் குறையும், ஆனால் முழுக்காசையும் முன்னுக்கே கட்ட வேணும். ஆறு மாசத்தில் பிள்ளை போனை மாற்றினால் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்க வேண்டியது நீங்கள். குறைந்த விலைப் பக்கேஜில் பெரும்பாலும் வட்ஸ்அப் இருக்காது. எதற்காக வாங்கினீர்களோ அது மேல்பக்கேஜில் இருக்கும். கார்டில் காசு தானாகவே கழிபடும். நிறுத்துகிற பொத்தானைத் தேடிப் பிடிப்பது தனி வேலை.

15,000 ரூபாவுக்கு ஒரு பாடத்துக்கு எத்தனை மாச ரியூசன் காசு கட்டலாம் என்று உங்கட வீட்டிலேயே கணக்குப் பாருங்கோ. இதற்குமேல் போனவரின் டேட்டா, தேய்ந்துபோகிற பற்றரி. அவற்றை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடுத்ததெல்லாம் எங்க போகுது?

எங்களுக்கு உண்மையிலேயே பயம் வந்தது இந்த இடத்தில்தான். பிள்ளையின் போனில் இருந்து எடுக்கிற படங்களும் மெசேஜும் நேராக அம்மாவின் போனுக்கு வருவதில்லை. இடையில் அந்தக் கொம்பனியின் சேர்வரில் குந்தியிருக்கும். அந்தக் கொம்பனிகளின் வரலாறு இப்படி:

எம்ஸ்பை 2015இல் உடைக்கப்பட்டு, வாடிக்கையாளரின் தரவுகள் இணையத்தில் கொட்டப்பட்டன. 2018இல் திரும்பவும் கசிவு. 2024இல் மூன்றாம் தரம்: அதன் உதவிப் பிரிவுக்கு வருசக்கணக்காக வந்த கடிதங்கள் வெளியே வந்தன, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகளோடு. பதின்ம வயதுப் பிள்ளைகளைக் காக்கிறோம் என்று பேரிலேயே சொன்ன ரீன்சேஃப், 2018இல் பிள்ளைகளின் அப்பிள் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் பூட்டே இல்லாத சேர்வரில் விட்டிருந்தது பிடிபட்டது. போலந்தில் இருந்து இயங்கிய லெற்மீஸ்பை 2023 ஜூனில் உடைக்கப்பட்டு, இரண்டு மாசத்தில் கடையை மூடியது. பிசிரற்றில்டேல் 2024 மே மாசம் அதே மாதிரி மூடப்பட்டது. 2025 பெப்ரவரியில் கொக்கோஸ்பை, ஸ்பைக் என்ற இரண்டும் ஒன்றாகக் கசிந்தன. ஸ்பைஃபோன் என்ற கொம்பனியை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2021இல் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று தடை செய்தது.

ஒளித்து வேவு பார்க்காத, எல்லாருக்கும் தெரியப் போடுகிற லைஃப்360கூடச் சுத்தம் இல்லை. குடும்பங்களின் லொகேஷனை அது தரவுத் தரகர்களுக்கு வித்தது 2021 டிசம்பரில் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான், துல்லியமான லொகேஷனை விற்பதை நிறுத்துகிறோம் என்று சொன்னார்கள்.

ஆர் ஆரோ தெரியாத ஆட்கள் பிள்ளையின் படத்தை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அம்மா இதைப் போடச் சொல்லுறா. போட்ட பிறகு, பிள்ளையின் படம் எல்லாம் ஆர் ஆரோ தெரியாத ஆட்களின் சேர்வரில். அதுக்கு மாமா டொலரில் காசும் கட்டுகிறார்.

அம்மாவின் பயம் பொய் இல்லை

இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மாமாரைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை. எங்கட வீடுகளில் இந்தப் பயத்துக்கு ஒரு வயசு இருக்கிறது. "பொழுதுபட முதல் வீட்ட வந்திடு" என்று எங்களுக்குச் சொல்லுகிற அம்மாவுக்கு, எங்கட வயசில் அதே வசனத்தை அம்மம்மா சொன்னவ. அப்போது பொழுதுபட்டால் சுற்றிவளைப்பு, சோதனைச்சாவடி, வெள்ளை வான். வெளியே போன பிள்ளை திரும்பி வராத வீடுகள் எங்கட எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்தப் பயம் 2009 உடன் முடியவில்லை. இப்போது அது போதைப்பொருளாகவும், பைக் விபத்தாகவும், பேஸ்புக்கில் போடப்பட்ட படமாகவும் வேறு உருவத்தில் வருகிறது. பிள்ளை எங்கே என்று தெரிந்தால் போதும் என்று ஒரு தாய் நினைப்பதில் பிழை இல்லை.

ஆனால் அதே தலைமுறைக்குத்தான் இன்னொன்றும் நல்லாகத் தெரியும்: ஆரோ எந்த நேரமும் பார்த்துக்கொண்டிருந்தால் மனிசர் எப்படி மாறுவார்கள் என்பது. குரலைத் தாழ்த்துவார்கள். பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சந்தேகிப்பார்கள். கண்காணிக்கப்பட்டதால் எங்கட சனம் பாதுகாப்பாக உணர்ந்ததா? அதற்குப் பதில் அம்மாமாருக்குத் தெரியும். நாங்கள் கேட்பது, அதே பதில் பிள்ளைக்கும் பொருந்தாதா என்றுதான்.

2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளுக்குப் பிள்ளைகளே எழுதிய 736 விமர்சனங்களை எடுத்து வாசித்தார்கள். பெரும்பாலானவை ஆகக் குறைந்த மதிப்பெண் போட்டவை. பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்ன முறைப்பாடு, இது வீட்டாரோடு உள்ள உறவைக் கெடுக்கிறது என்பது. எங்கட சிநேகிதி சொன்னது இன்னும் எளிமை: "இனி எனக்கு என்ன பிரச்சினை வந்தாலும் அம்மாட்ட சொல்லமாட்டன். அவ கேட்கமாட்டா, பார்ப்பா."

உண்மையான ஆபத்து வருகிற நாளில், ஒருவன் படத்தை வைத்து மிரட்டுகிற நாளில், பிள்ளையைக் காப்பாற்றப்போவது அவள் ஓடிவந்து சொல்லுகிற அந்த ஐந்து நிமிசம்தான். அதைத்தான் இந்தச் செயலி முதலில் அழிக்கிறது.

ஆற்ற போனில் போடினம்?

இன்னொரு கேள்வியும் கேட்கவேணும். அண்ணாவின் போனில் ஆர் போட்டது? ஒருவரும் போடவில்லை. அவர் இரவு பத்து மணிக்கு வந்தாலும் சோறு மூடி வைத்திருக்கும். எங்கள் கூட்டத்தில் கேட்ட மூன்று கதைகளிலும் பார்க்கப்பட்டது பெண்ணின் போன். தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை.

கட்டாரில் இருந்து மச்சாளின் வட்ஸ்அப்பை வாசித்தவருக்கு அவ பிள்ளையும் இல்லை, அவர் பெற்றோரும் இல்லை. வளர்ந்த ஒரு ஆளின் போனுக்குள் அனுமதி இல்லாமல் போவது இலங்கையில் சட்டப்படி குற்றமாகலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியற்ற அணுகலையும் தரவைச் சட்டவிரோதமாக இடைமறிப்பதையும் குற்றமாகச் சொல்கிறது. கணவன் என்பது அனுமதி இல்லை. 18 தாண்டின தங்கச்சிக்கு அண்ணா என்பதும் அனுமதி இல்லை.

"ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டா ஏன் பயப்பிடுறாய்?" இது எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி. எங்கள் பதில்: அந்தப் போனில் இருப்பது அவளுடைய கதை மட்டும் இல்லை. தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிறார் என்று ஒரு சிநேகிதி இரவு ஒரு மணிக்கு அனுப்பின வொய்ஸ் அதில் இருக்கிறது. அந்தச் சிநேகிதி அதை அண்ணாவுக்கும் கனடா மாமாவுக்கும் அனுப்பவில்லை.

சின்னப் பிள்ளையளுக்கு?

"அப்ப பத்து வயசுப் பிள்ளையைச் சும்மா விடுறதோ?" இல்லை. பத்து வயசுப் பிள்ளைக்கும் பத்தொன்பது வயசு ஆளுக்கும் ஒரே நியாயம் இல்லை. சின்னப் பிள்ளைக்கு எல்லை வேணும். அதற்குக் காசும் தேவையில்லை. கூகிளின் ஃபமிலி லிங்க் இலவசம். அப்பிள் போனில் ஸ்கிரீன் ரைம் ஏற்கெனவே இருக்கிறது. எவ்வளவு நேரம் பாவிக்கலாம், எந்தச் செயலியை இறக்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். ஃபமிலி லிங்கில் இடத்தையும் பார்க்கலாம், ஆனால் மெசேஜை வாசிக்க ஏலாது. முக்கியமாக, அது இருப்பது பிள்ளைக்குத் தெரியும். பிள்ளை வளர வளர எல்லையைத் தளர்த்திக்கொண்டு போகலாம்.

எங்கட கோடு இதுதான்: பிள்ளைக்குத் தெரிந்து போட்டால் அது வளர்ப்பு. தெரியாமல் போட்டால் அது வேவு. இரண்டாவதுக்குத்தான் காசு கேட்கிறார்கள்.

உங்கட போனில் இருக்கெண்டு சந்தேகமோ?

அன்ட்ரொய்டில் பிளே ஸ்ரோரைத் திறந்து பிளே புரொடெக்ட் நிறுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள். நீங்கள் நிறுத்தாமல் அது நின்றிருந்தால் யோசிக்க வேணும். செற்றிங்ஸில் அக்செசிபிலிற்றி, நொட்டிபிக்கேஷன் அனுமதி, டிவைஸ் அட்மின் ஆகிய மூன்று இடத்திலும் தெரியாத பேர் ஏதும் இருக்கிறதா பாருங்கள். ஐபோனில் 'சேஃப்ற்றி செக்' என்ற பகுதி இருக்கிறது. வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பாருங்கள். பல வீடுகளில் செயலியே தேவைப்படுவதில்லை, ஆரோ தங்கட லப்டொப்பில் உங்கட வட்ஸ்அப்பை ஒருக்கா ஸ்கான் பண்ணி விட்டிருப்பார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அதைப் போட்டவர் உங்களுக்கு அடிக்கக்கூடிய, மிரட்டக்கூடிய ஆள் என்றால் உடனே அழிக்கவேண்டாம். அழித்த நிமிசமே அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் வேறொருவரின் போனில் இருந்து நம்பிக்கையான ஒரு ஆளோடு கதையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு 1929. அழிப்பதைப் பிறகும் செய்யலாம்.

எங்கட சிநேகிதியின் வீட்டில் இரண்டு நாள் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள் அம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்தி, "பயத்திலதான் பிள்ளை செய்தனாங்கள்" என்று சொல்லியிருக்கிறா. இப்போது ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஆறு மணிக்குப் பிறகு வெளியில் நின்றால் அவள் வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியால லைவ் லொகேஷன் அனுப்புவாள். அம்மா வவுனியாவுக்குப் போகும்போது அவவும் மகளுக்கு அனுப்புவா. அதுக்குச் செலவு ஒன்றும் இல்லை. போன் இப்போது பின்னேரம் வரைக்கும் சார்ஜ் நிற்கிறது.

மாமாவின் கார்டில் இருந்து மட்டும் இன்னும் மாசாமாசம் காசு கழிபடுகுதாம். அதை நிப்பாட்டச் சொல்லி அண்ணா அந்தக் கொம்பனிக்கு மெயில் போட்டுக்கொண்டிருக்கிறார்.